பாஞ்சாலியின் பையில் இடமில்லை

தியாகராய நகரில் ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மூன்றாம் மாடி முழுக்கப் பட்டுப்புடவைதான். வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மறுபடி மடித்து அடுக்குவது பாஞ்சாலியின் வேலை. ஒரு கல்யாணக் கோஷ்டி வந்தால் போதும், அலமாரியையே காலி செய்ய வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வெந்தய கலர்ல பாக்கலாமே" என்று எதிர்க்கடைக்கு நடந்துவிடுவார்கள். பாஞ்சாலிக்குக் கோபம் வராது. ஊரான் வீட்டுப் புடவையை எத்தனை தரம் வேண்டுமானாலும் அவள் மடித்து அடுக்குவாள். தன் வீட்டுத் துணியை அடுக்கச் சொன்னால்தான் அவளுக்குக் கை வராது.

தினமும் காலையில் கடையின் பின்வாசலில் செக்யூரிட்டி சேட்டு அவளுடைய பையைத் திறந்து பார்ப்பார். மற்ற பெண்களின் பையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சீப்பு. பாஞ்சாலியின் கட்டைப்பையில் ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, மகளின் பிறப்புச் சான்றிதழ், பிளாஸ்டிக் கவருக்குள் கல்யாணப் போட்டோ, மகள் தவழும் வயதில் போட்ட வெள்ளிக் கொலுசு, மாற்றுத்துணி ஒரு செட், ஒரு எவர்சில்வர் சொம்பு.

"இன்னா பாஞ்சாலி, வூட்டயே தூக்கிக்கினு வந்துட்டியா?" என்பார் சேட்டு.

"ஆமாண்ணே. பாத்து உள்ள வுடு."

அவர் சிரிப்பார். அவள் சொன்னது அத்தனையும் நிஜம் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். பாஞ்சாலி விஷயத்தில் பழமொழி தலைகீழ். மடியில் கனம் இல்லாவிட்டால்தான் அவளுக்கு வழியெல்லாம் பயம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொள்வாள். நிற்க நேர்ந்தால் தோளில் மாட்டி, வார் அறுந்தாலும் விழாதபடி முழங்கையால் இடுக்கிக்கொள்வாள். தோள்பட்டையில் அந்த வார் பதிந்த தடம் கறுத்துப்போயிருந்தது.

அவளை அப்படி ஆக்கியது ஒரே ஒரு பகல். இரண்டு வருஷத்துக்கு முன்னால்வரை அடையாற்றங்கரையில் அவளுக்கு ஒரு வீடு இருந்தது. தகரக் கூரைதான், மழை வந்தால் பேச்சுக் கேட்காது. ஆற்றோரத்தைக் காலி பண்ணப் போகிறார்கள் என்று அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே பேச்சு. புலி வருது, புலி வருது என்று கேட்டுக் கேட்டுப் பழகிப்போயிற்று. ஒருநாள் நிஜமாகவே வந்துவிட்டது, மஞ்சள் நிறத்தில், நீளமான இரும்புக் கையோடு. பாஞ்சாலி அப்போது கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி போன் செய்து, இவள் ஓடிவந்து சேர்ந்தபோது வீடு இருந்த இடத்தில் தகரமும் செங்கல்லும்தான் கிடந்தன. பக்கத்து வீட்டுக்காரி மகள் நிஷாவைக் கையில் பிடித்தபடி மரத்தடியில் நின்றாள். இவள் இடிபாட்டுக்குள் இறங்கி, தன்னுடைய டிரங்குப் பெட்டியைத் தேடி, வெளிச்சம் இருக்கும்வரை வெறும் கையால் தோண்டினாள். நகம் பிய்ந்தது. பெட்டி கிடைத்தது, அப்பளமாக. கொலுசும் போட்டோவும் தப்பின. காகிதமெல்லாம் சேற்றில் ஊறிக் கூழாகியிருந்தன. அவற்றுக்கு நகல் வாங்க அவள் ஏறி இறங்கிய படிகளைச் சொன்னால் நமக்குக் கால் வலிக்கும்.

அதற்குப் பிறகு பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். கதவு உண்டு, பூட்டு உண்டு, கான்கிரீட் கூரை உண்டு. ஆனால் சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? முக்கியமானதெல்லாம் கட்டைப்பையில் அவளோடு போய் அவளோடு வந்தது. மிச்சமெல்லாம் போர்வையில் கட்டிய மூட்டையாக மூலையில் கிடந்தது. புருஷன் கதிரேசன் ஒரு இரும்பு பீரோ வாங்கிப் போட்டான். அதில் காற்றுதான் குடியிருந்தது. கல்யாணச் சமையல் கோஷ்டியோடு ஊர் ஊராகப் போகிறவன் அவன். வீட்டுக்கு வரும்போதெல்லாம் "மூட்டையப் பிரிமே" என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்து விட்டுவிட்டான்.

நிஷாவின் பள்ளிக்கூடம் மயிலாப்பூரில். பெரும்பாக்கத்திலிருந்து எட்டு வயதுப் பிள்ளை எப்படிப் போய் வரும்? அந்த வருஷப் படிப்பு முடியட்டும் என்று பாஞ்சாலியின் அக்கா பொன்மணி வீட்டில் விட்டார்கள். பொன்மணிக்குத் தெற்கு மாட வீதியில் பூக்கடை, பக்கத்துச் சந்தில் ஓர் அறை வீடு, குழந்தை இல்லை. ஒரு வருஷம் இரண்டானது. ஆரம்பத்தில் லீவு விட்டால் பெரும்பாக்கம் வந்துகொண்டிருந்த நிஷா, பிறகு அதற்கும் சாக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அக்காவைக் குற்றம் சொல்ல வழியில்லை. பிள்ளைக்குத் தலை வாரி, பூ வைத்து, வேளைக்குச் சோறு போட்டாள். குற்றம் சொல்ல வழியில்லாததுதான் பாஞ்சாலியை உள்ளே தின்றது.

தாயும் மகளும் தினம் சந்தித்துக்கொண்டது ஒரு விளையாட்டில். எல்லாமே சதுரக் கட்டைகளால் ஆன உலகம் அது. சூரியன் சதுரம், மரம் சதுரம், மாடுகூடச் சதுரம். மண்ணைத் தோண்டலாம், மரத்தை வெட்டலாம், கிடைத்ததை வைத்து வீடு கட்டலாம். பொழுது சாய்ந்தால் பேய் பிசாசுகள் கிளம்பும். நிஷாவின் தோழி ஷெரில் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த உலகம் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும். வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு அதில் வீடு இருந்தது. நிஷா பெரியம்மா போனிலிருந்து வருவாள். பாஞ்சாலி பஸ்ஸிலிருந்து வருவாள், பை மடியில், போன் பைமேல்.

நிஷா ஒரு ஆற்றங்கரையில் வீடு கட்டினாள். உள்ளே இரண்டு மரப்பெட்டி. ஒன்றில் "நிஷா", இன்னொன்றில் "அம்மா" என்று பலகை.

"மா, கேட்டுக்கோ. காலுக்கு நேர் கீழ தோண்டாத, இன்னா கீதுன்னு தெரியாது. பொழுது சாஞ்சா கட்டில்ல படுத்துரு. அப்புறம் முக்கியமானது, கீழ எறங்கசொல்லோ எல்லாத்தையும் உன் பெட்டில வெச்சிட்டுப் போ. செத்துட்டின்னா கையில கீறது எல்லாம் போயிரும். கட்டில் வூட்லயே இருந்தா, செத்தாலும் வூட்லதான் முழிப்ப."

"சரிடி" என்றாள் பாஞ்சாலி. முதல் இரண்டையும் ஒழுங்காகக் கேட்டாள். மூன்றாவதை மட்டும் அவள் கை கேட்கவில்லை. அறுத்த கம்பளி, சுட்ட ரொட்டி, விதை, நிஷா பறித்துக்கொடுத்த சிவப்புப் பூ, எல்லாம் அவள் முதுகுப் பைக்குள்ளேயே இருந்தன. காலையில் எழுந்ததும் படுத்த கட்டிலையும் பெயர்த்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள். அந்த உலகத்தில் அது முடியும். நிஜ உலகத்தில் முடிந்திருந்தால் சேட்டு அதையும் பின்வாசலில் பார்த்திருப்பார்.

"ஷெரில் வூட்ல வைரம் கீதுமா. நம்ம வூட்லதான் ஒண்ணுமே இல்ல" என்று ஒருநாள் நிஷா சொன்னாள். வைரம் அந்த உலகத்தில் லேசில் கிடைக்காது. அடியாழத்தில், நெருப்புக் குழம்பு ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கேயாவது நாலைந்து இருக்கும். தி.நகரில் அடிக்கொரு நகைக்கடை வாசலைத் தாண்டிப் போகிற பாஞ்சாலி ஒருநாளும் எந்தக் கண்ணாடிக்குள்ளும் எட்டிப் பார்த்ததில்லை. இந்த வைரத்தைத் தேடித்தான் கிளம்பினாள்.

அஞ்சாம் வகுப்புப் பரீட்சை முடிந்த வாரம் பொன்மணி போன் செய்தாள்.

"பாஞ்சால, பொண்ணு இங்கயே இருந்துக்கறேன்னுது. ஆறாவதுக்கும் இங்கயே சேத்துர்லாம்னு கீறேன். புதங்கெழம உனக்கு லீவுதான? வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

"அவகிட்ட குடுக்கா."

போன் கை மாறியது. "இன்னாடி, என்கூட வரமாட்டியா?"

நிஷா, "மா, வைரம் கெடச்சிச்சா?" என்றாள்.

பதில் சொல்லத் தெரியாத குழந்தை பேச்சை மாற்றினாள், அவ்வளவுதான். பாஞ்சாலியோ அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். தண்ணீரில் போகிறவளுக்குத் துரும்பு கிடைத்தால் அது துரும்பு என்றா தோன்றும்? வைரத்தைக் கொண்டுபோய் வைத்தால் பெண் வருவாள். புதன்கிழமைக்குள் கிடைத்தாக வேண்டும்.

தோண்டினாள். காலை பஸ்ஸில் தோண்டினாள், வீடு திரும்பும் பஸ்ஸில் தோண்டினாள், இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டுத் தோண்டினாள். கல், கரி, கல், இரும்பு, மறுபடி கல். கடையில் புடவை மடிக்கும்போதும் பார்டர்களெல்லாம் கட்டைகட்டையாகத் தெரிந்தன. சூப்பர்வைசர் இரண்டு தரம் கத்தினார். பாஞ்சாலிக்கு உறைக்கவில்லை. என் பிள்ளை போய்விடும், என் பிள்ளை போய்விடும் என்று நெஞ்சுக்குள் ஒரே சத்தம். அந்தச் சத்தத்தில் சூப்பர்வைசர் எந்த மூலைக்கு?

செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். கடையின் மாடிப்படி வளைவில்தான் போன் எடுக்க அனுமதி. டிபன் பாக்ஸைத் திறக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தாள். ஒரு கல் உடைந்தது, அந்தப் பக்கம் குகை. கீழே நெருப்புக் குழம்பு கொதிக்கிறது. அதற்கு மேலே, சுவரில், வானத்து நீலத்தில் புள்ளி புள்ளியாக மின்னியது.

"கபாலி, என் அப்பனே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

விளிம்பில் நின்று மெதுவாக உடைத்தாள். வைரம் பெயர்ந்து அவள் காலடியில் விழுந்து மிதந்தது. காலடியில் விழுந்தது தானாகப் பைக்குள் வந்துவிட வேண்டும். வரவில்லை. இன்னொன்றை உடைத்தாள். அதுவும் காலடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பாஞ்சாலிக்கு முதலில் புரியவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று உதறிப் பார்த்தாள். பையைத் திறந்தபோதுதான் விளங்கியது. பை நிறைந்திருந்தது. வைரத்துக்கு இடமில்லை.

எதையாவது தூக்கி எறிய வேண்டும். ஒன்றே ஒன்று. கம்பளியை எறியலாமா? குளிர் காலம் வந்தால்? விதையை எறிந்தால் நாளைக்குச் சாப்பாடு? கட்டிலையா? சிவப்புப் பூவின் மேல் விரல் போய் நின்றது. அது நிஷா கொடுத்தது. விரல் மறுபடி கம்பளிக்கு வந்தது. மறுபடி விதைக்கு. எந்தப் பிசாசு பிடித்து ஆட்டியதோ, ஒரு பிடி விதையை எறிய அவளால் முடியவில்லை. "எறிமே, எறி" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். விரல் கேட்கவில்லை.

பின்னாலிருந்து "உஸ்" என்று ஒரு சத்தம். அந்த உலகத்தின் பச்சைப் பிசாசு, ஆளுக்குப் பக்கத்தில் வந்து வெடிக்கிற ஜாதி. திரும்புவதற்குள் வெடித்தது. விளிம்பு பெயர்ந்தது. பாஞ்சாலி நெருப்புக் குழம்பில் விழுந்தாள். கம்பளி, விதை, ரொட்டி, கட்டில், சிவப்புப் பூ எல்லாம் எரிந்தன. வைரமும் எரிந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வோமே, இவளுக்குக் கால் வரைக்கும் வந்து கைக்கு எட்டவில்லை.

கண் விழித்தது வீட்டிலும் இல்லை. கட்டில்தான் எரிந்துவிட்டதே. விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களைக் கொண்டு இறக்கும் ஏதோ ஒரு கடற்கரையில், வெறுங்கையோடு நின்றாள். வீடு எந்தத் திசை என்று தெரியவில்லை.

போன் அடித்தது. யார் செத்தாலும் அந்த உலகத்தில் எல்லோருக்கும் எழுத்தில் தெரிந்துவிடும்.

"மா, செத்துட்டியா?"

"போச்சுடி. எல்லாம் போச்சு. வைரத்த கண்ணால பாத்தேன்டி, பையில எடம் இல்ல..."

"நான் குடுத்த பூ?"

"அதுவும்தான்."

"பெட்டில இன்னா வெச்சிருந்த?"

பாஞ்சாலி திறக்காத டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தாள்.

"தெரியும்மா. உன் பெட்டி எப்பவுமே காலிதான். நான் டெய்லி தொறந்து பாப்பேன்." நிஷா போனை வைத்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. பாஞ்சாலி மேலே போய், அன்று மிச்சப் பொழுது முழுக்க, ஏதோ ஒரு வீட்டுக் கல்யாணத்துக்காக யாரோ பிரித்துப் போட்ட புடவைகளை மடித்தாள். கண்ணீர் பட்டுமேல் விழுந்துவிடக் கூடாதே என்று முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே மடித்தாள்.

மறுநாள் மயிலாப்பூர். பொன்மணி வீட்டு வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து சரம் தொடுத்துக்கொண்டிருந்தாள். நிஷா சுவரோரமாக, முழங்காலைக் கட்டியபடி. பாஞ்சாலி பாயில் உட்கார்ந்தாள்.

"பைய கீழ வெச்சிட்டு காப்பி குடிமே" என்றாள் பொன்மணி.

"இருக்கட்டும்க்கா." பை மடியிலேயே இருந்தது. அதன்மேல் டம்ளரை வைத்துக் குடித்தாள். நிஷா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லு, நிஷா" என்றாள் பொன்மணி. "உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நல்லா இருக்காது."

"நான் அங்க வரல" என்றாள் நிஷா தரையைப் பார்த்து. "அங்க வூடே இல்ல. மூட்டைதான் கீது. லீவுக்கு வந்தா மூட்டையிலருந்து கவுன் எடுத்துக் குடுப்ப. தொவைச்சி, மறுபடி மூட்டையில கட்டுவ. எப்ப கெளம்பப் போறோமோன்னு எனக்குத் தூக்கமே வராது."

பாஞ்சாலிக்குக் கோபம் வந்தது. அழுகைக்குப் பதிலாக வந்த கோபம். "வெச்சிட்டுப் போனேன்டி ஒரு தபா! நம்பி எல்லாத்தையும் வூட்ல வெச்சிட்டு வேலைக்குப் போனேன். வந்து பாத்தா இன்னா இருந்துச்சு? சொல்லு, இன்னா இருந்துச்சு?"

"நான் இருந்தேன்" என்றாள் நிஷா.

பொன்மணியின் கையில் நார் நின்றது.

"மரத்தாண்ட நின்னுக்கினு இருந்தேன். அம்மா அம்மான்னு கத்துனேன். நீ என்னைப் பாக்கவே இல்ல. தோண்டிக்கினே இருந்த." நிஷாவின் உதடு கோணியது. "எல்லாத்தையும் கூடவே தூக்கிக்கினு போற. சொம்பக்கூட தூக்கிக்கினு போற. என்னை மட்டும் இங்க வெச்சிட்ட."

பாஞ்சாலிக்கு அந்த மரம் ஞாபகம் வந்தது. மரத்தடியில் யாரோ கத்தியதும் ஞாபகம் வந்தது. அது யார் குரல் என்று இரண்டு வருஷத்தில் ஒருநாளும் அவள் கேட்டுப் பார்த்ததில்லை. எழுந்து போய் நிஷாவின் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் பிள்ளைக்கு வலித்திருக்கும்.

"வாடி" என்றாள். "வா, போலாம்."

நிஷா பெரியம்மாவைப் பார்த்தாள். பொன்மணி பூவைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். "போ கண்ணு. அவதான் கூப்புட்றாளே." தொடுத்துக்கொண்டிருந்த சரம் கோணல்மாணலாகப் போயிற்று. அவள் அதைப் பிரிக்கவில்லை.

சந்து முனைக்கு வந்தபோது பின்னாலிருந்து பொன்மணியின் குரல் கேட்டது. "பாஞ்சால! பைய வுட்டுட்டுப் போறியே!"

இரண்டு பேரும் நின்றார்கள். வாசலில் பொன்மணி கட்டைப்பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நின்றாள். "இன்னாடி இது, இந்தக் கனம் கனக்குது!"

"மா, பை" என்றாள் நிஷா.

பாஞ்சாலியின் வெறும் கை தானாகத் தோள்பட்டைக்குப் போய், அங்கே வாரைத் தேடியது. ரேஷன் கார்டு அதில். எல்லாம் அதில். திரும்பிப் போனால் பத்தடிதான். ஆனால் திரும்பிப் போக நிஷாவின் கையை விட வேண்டும் என்று அவளுக்கு எப்படியோ பட்டது. யோசித்தால் அசட்டுத்தனம்தான், பிள்ளையையும் கூட்டிக்கொண்டே போய் எடுத்து வந்திருக்கலாம். அவள் யோசிக்கவில்லை.

"இருக்கட்டும்க்கா" என்று அங்கிருந்தே கத்தினாள். "உன் வூட்லயே இருக்கட்டும். அப்பறம் வரேன்."

குளத்துக்குப் பக்கத்தில் பஸ் ஏறினார்கள். நல்ல கூட்டம். ஒரு பெண்மணி இறங்க எழுந்த இடத்தில் பாஞ்சாலியைத் தள்ளி உட்காரவைத்தார்கள். நிஷா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் திரும்பிய வேகத்தில் பிள்ளை தடுமாற, பாஞ்சாலி அவளை இடுப்பில் பிடித்து இழுத்து மடியில் உட்காரவைத்தாள். அம்மா மடியில் உட்காரும் வயசா பத்து? நிஷா வெட்கப்பட்டு நெளிந்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"மா, நீ இன்னும் அந்தக் கடலோரத்துலதான் நின்னுக்கினு கீற."

"நிக்கட்டும். நீ வந்து இட்டுக்கினு போ."

"அங்க மூட்டையில கீற கவுனெல்லாம் எனக்குப் பத்தாதும்மா."

"தெரியுதுடி." தெரிந்தது. பிள்ளையின் கால் பஸ்ஸின் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பீரோவுல எனக்கு எந்தத் தட்டு?"

"எது வேணும்?"

"மேல் தட்டு."

"எடுத்துக்கோ."

பஸ் அடையாற்றுப் பாலத்தில் ஏறியது. அந்தப் பாலம் வந்தால் பாஞ்சாலி பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் வீடு இருந்த கரையைப் பார்ப்பாள். இன்றைக்கு நிஷாவின் தலை மறைத்தது. பூ வாசனையும் எண்ணெய் வாசனையும் அடித்தன. மடி கனத்தது, தொடை மரத்துப்போயிற்று. அடையாறில் இடம் காலியானபோது நிஷா எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காருடி" என்றாள் பாஞ்சாலி.